முப்பத்தைந்தில் ஒரு பங்கு

பிளாஸ்டிக் பாகங்களை ஒட்டி, வர்ணம் பூசி, ஒரு யுத்த வாகனத்தின் சிறு உருவத்தை நிர்மாணிக்கும் கைவேலையைப் பற்றி நம்மிடையே நிலவும் பொதுவான அபிப்பிராயம், அது சிறுவருக்குரிய பொழுதுபோக்கு என்பதே. அந்த அபிப்பிராயத்தை வாதத்தால் மாற்ற முயல்வதைக் காட்டிலும், நல்லதொரு பெட்டியை எடுத்துப் பிரித்து, அதில் உள்ளவற்றை ஒழுங்காகச் சேர்த்து, வர்ண வேலையையும் முடித்து, அந்தப் பெட்டி எதைத் தந்தது, எதைத் தரவில்லை என்று சொல்லிவிடுவதே உசிதம் என்று எண்ணி இந்த விமரிசனத்தை எழுதுகிறேன். எடுத்துக்கொண்ட பெட்டி, ஜப்பானிய நிறுவனமாகிய தமியா 1997-ல் வெளியிட்ட, "டைகர் 1, ஆரம்பகால உற்பத்தி" என்னும் ஜெர்மானியக் கனரக டாங்கியின் 1/35 அளவு மாதிரி. கால் நூற்றாண்டைக் கடந்துவிட்ட ஒரு சரக்கை இப்போது ஆராய்வானேன் என்று கேட்கலாம். அதற்குப் பின் வந்த பெட்டிகளில் பாகங்கள் பெருகியிருக்கின்றன, நுணுக்கங்கள் பெருகியிருக்கின்றன. ஆயினும், ஒட்டும் வேலையிலேயே நம்முடைய பொறுமையைச் செலவழித்துவிடாமல், அதை வர்ண வேலைக்கென்று மிச்சம் பிடித்துக் கொடுக்கும் குணம் இந்தப் பெட்டியிடம் இருப்பதுபோல் வேறொன்றிடம் நான் காணவில்லை. வர்ண வேலையோ, அசல் வாகனத்தின் சரித்திரத்தை அறியாதவர் கைக்கு அகப்படாதது. இவ்விரண்டையும் சற்று விரிவாகச் சொல்லுவதே என் நோக்கம்.

முதலில் அந்த 1/35 என்னும் விகிதத்தைப் பற்றி. மாதிரிகளில் வழங்கும் விகிதங்கள் பலவும் அடி, அங்குலக் கணக்கிலிருந்து பிறந்தவை. 1/48 என்றால் ஓர் அடிக்குக் கால் அங்குலம், 1/72 என்றால் ஆறு அடிக்கு ஓர் அங்குலம். 1/35-க்கு அத்தகைய பூர்விகம் எதுவும் இல்லை. ஷிஸுவோகா நகரில் 1946-ல் மர வியாபாரமாகத் தொடங்கி, மரத்தால் கப்பல் மாதிரிகளைச் செய்து, பின்னர் பிளாஸ்டிக்குக்கு மாறிய தமியா குடும்பத்தார், 1960-களின் தொடக்கத்தில் பாந்தர் என்னும் டாங்கியை மாதிரியாக்க முற்பட்டபோது, அதன் வயிற்றுக்குள் ஒரு சிறு மோட்டாரும் பாட்டரிகளும் அடங்கவேண்டும் என்பதே அவர்களுடைய முதற்கவலையாக இருந்தது. அவை அடங்கும்படி உடலை வகுத்துவிட்டுப் பிற்பாடு அளந்து பார்க்கையில், அது அசலில் ஏறத்தாழ முப்பத்தைந்தில் ஒரு பங்கு என்று வந்தது. கொமாட்ஸுஸாகி ஷிகெரு என்னும் புகழ்பெற்ற சித்திரக்காரரின் ஓவியம் மேலட்டையை அலங்கரிக்க, அந்தப் பாந்தர் நன்றாக விற்பனையாயிற்று. அடுத்தடுத்து வந்தவற்றுக்கும் அந்த விகிதமே நிலைத்தது. இன்று சீனத்திலும் கொரியாவிலும் ஐரோப்பாவிலும் ராணுவ வாகன மாதிரி செய்வோர் பெரும்பாலும் பின்பற்றுவது, பாட்டரியின் பருமனால் தற்செயலாக ஏற்பட்ட அந்த அளவைத்தான்.

அந்த நிறுவனத்தை நெடுங்காலம் நடத்திய ஷுன்ஸாகு தமியா, அசலை நேரில் காணாமல் மாதிரி செய்யக்கூடாது என்பதில் பிடிவாதமானவர். டாங்கிகளைப் பார்த்து அளப்பதற்காக அமெரிக்காவில் அப்போது இருந்த அபர்தீன் ராணுவ அருங்காட்சியகத்துக்குப் போனவர். ஒரு போர்ஷே காரின் மாதிரியைச் செய்வதற்காக அசல் போர்ஷே ஒன்றையே விலைக்கு வாங்கி, அக்கக்காகக் கழற்றிப் பார்த்தவர். இந்தச் சிரத்தையின் பலன் பெட்டியைத் திறந்தவுடனே தெரிகிறது.

ஆனால் பெட்டியைத் திறப்பதற்கு முன் அசலைப் பற்றிச் சிறிது தெரிந்துகொள்ளவேண்டும். தெரியாமல் செய்பவர்கள் கடைசியில் ஒரு பொம்மையைத்தான் பெறுவார்கள். டைகர், காஸல் நகரத்து ஹென்ஷல் தொழிற்சாலையில் 1942 ஆகஸ்டு முதல் 1944 ஆகஸ்டு வரை உற்பத்தியான 57 டன் எடையுள்ள யந்திரம். இரண்டு ஆண்டுகளில் செய்யப்பட்டவை மொத்தம் ஏறத்தாழ 1,350. முகப்பில் 100 மில்லிமீட்டர் கனமுள்ள எஃகுத் தகடு. 88 மில்லிமீட்டர் பீரங்கி. ஐந்து பேர் கொண்ட குழு. 1942 ஆகஸ்டு இறுதியில் லெனின்கிராடுக்கு அருகே சதுப்பு நிலத்தில் முதன்முதலாகக் களத்தில் இறக்கப்பட்டு, பின்னர் துனீசியாவிலும், குர்ஸ்க் சமவெளியிலும், நார்மண்டியிலும் எதிரிகளுக்குப் பெரும் அச்சத்தை விளைவித்தது. அதன் பெயரைச் சுற்றி எழுந்த பிரமைகள் பல. பேராற்றல் படைத்த அந்த யந்திரம், தன் பாரத்தாலேயே பழுதாகி வழியில் நின்றதும், எரிபொருளை ஏராளமாகக் குடித்ததும், கட்டுவதற்குப் பிடித்த காலமும் பொருளும் மிகுதியாக இருந்ததால் வேண்டிய எண்ணிக்கையில் கிடைக்காமல் போனதும் அதன் சரித்திரத்தின் சரிபாதி.

இன்னொன்றையும் சொல்லாமல் மேலே செல்ல எனக்கு மனம் வரவில்லை. இந்த வாகனம் ஹிட்லரின் சேனைக்காகச் செய்யப்பட்டது. அது சென்ற ஊர்களில் நிகழ்ந்த கொடுமைகள் உலகம் அறிந்தவை. அதன் பொறியியல் நுட்பத்தை வியக்கும் கை, அது யாருக்காக, எதன்பொருட்டு ஓடியது என்பதையும் நினைவில் வைத்திருக்கவேண்டும். மாதிரி செய்வோரிடையே டைகரின் மேல் உள்ள மோகம் மிகப் பெரிது. அந்த மோகம், அது பொருதிய சோவியத், பிரிட்டிஷ் வீரர்களின் சரித்திரத்தைப் படிக்கவும் தூண்டுமானால் மட்டுமே அதை நான் ஆதரிப்பேன். துனீசியாவில் 1943 ஏப்ரலில் பிரிட்டிஷ் சர்ச்சில் டாங்கி ஒன்றின் குண்டு சுழல் கோபுரத்தின் அடியில் பட்டு அதை அசையாமல் செய்துவிட, குழுவினர் கைவிட்டு ஓடிய 131-ஆம் எண்ணுள்ள டைகர், இன்று இங்கிலாந்தில் பாவிங்டன் டாங்கி அருங்காட்சியகத்தில் ஓடும் நிலையில் இருக்கிறது. அதைப் பற்றிய புகைப்படங்களும் அளவுகளும் ஏராளமாகக் கிடைப்பதால், டைகர் செய்ய விரும்புவோர் முதலில் கண்ணோட்டம் விடவேண்டிய வண்டி அதுவே. அந்த 131-ஐயே செய்யவேண்டும் என்பவர்களுக்கு மட்டும் இந்தப் பெட்டி பொருந்தாது; அது முதல் தொகுதியைச் சேர்ந்தது, அதற்குத் தமியா வேறொரு பெட்டி வைத்திருக்கிறது. நம்முடையது 1943 கோடையில் கிழக்குப் போர்முனையில் இருந்த வண்டி.

இந்தக் காலவரையறையில் புதியவருக்கு ஒரு பெரிய அனுகூலம் உண்டு. 1943-ன் பிற்பகுதியிலிருந்து ஜெர்மானியர், காந்த வெடிகள் தகட்டில் பற்றிக்கொள்ளாதிருக்க, டாங்கியின் உடலெங்கும் ஸிம்மரிட் என்னும் சாந்தைப் பூசி, அதை வரிவரியாகக் கீறிவிட்டார்கள். பிந்திய டைகரைச் செய்பவர், பட்டி பூசி அந்த வரிகளையெல்லாம் கையால் கீறியாகவேண்டும். அல்லது வரிகளோடு வரும் தனித் தகடுகளை வாங்கி ஒட்டவேண்டும். ஆரம்பகால வண்டிக்கு அந்தப் பிரயாசை கிடையாது. வெறும் எஃகின் சமதளமே அதன் தோற்றம்.

இனிப் பெட்டி. கரும்பழுப்பும் மஞ்சளும் கலந்த நிறப் பிளாஸ்டிக் சட்டங்களில் பாகங்கள் கோக்கப்பட்டிருக்கின்றன. கறுப்பு நிறத்தில் வளைந்துகொடுக்கும் சங்கிலிப் பட்டைகள் இரண்டு. நீரில் நனைத்து ஒட்டும் டெக்கால் தாள் ஒன்று. மேல்மூடியிலிருந்து அரை உடம்பு தெரிய நிற்கும் தளபதி உருவம் ஒன்று. செய்முறைப் புத்தகம் எழுத்தைவிடச் சித்திரத்தையே நம்பியிருக்கிறது. ஜப்பானிய மொழி அறியாதவரும் தடுமாறாமல் பின்பற்றலாம். எந்தப் பாகம் எந்த எண், எந்த வர்ணம் என்பதெல்லாம் அம்புக்குறி இட்டுக் காட்டியிருக்கும் தெளிவு, மற்ற நிறுவனங்களின் புத்தகங்களோடு ஒப்பிட்டால் மெச்சத்தக்கது.

ஒட்டத் தொடங்குமுன் கைவசம் இருக்கவேண்டியவை அதிகமில்லை. ஒருபக்கம் தட்டையாக வெட்டும் சிறு குறடு, கூரிய கத்தி, சாமணம், 400 முதல் 1000 வரையிலான உப்புத்தாள், மெல்லிய பிளாஸ்டிக் பசை. பாகத்தைச் சட்டத்திலிருந்து பிடுங்கக் கூடாது. சற்றுத் தள்ளி வெட்டி எடுத்து, எஞ்சிய முளையைக் கத்தியால் சீவி, உப்புத்தாளால் தேய்க்கவேண்டும். பசையைப் பற்றி ஒரு வார்த்தை. நாம் வீட்டில் உபயோகிக்கும் பசைகள் இரண்டு பொருள்களுக்கு நடுவே தங்கி அவற்றைப் பிடித்துவைப்பவை. இந்த மெல்லிய திரவமோ பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கையே கரைத்து, இரு பாகங்களையும் ஒன்றோடொன்று உருக்கிச் சேர்த்துவிட்டுத் தான் ஆவியாகிப் போய்விடுகிறது. ஆகையால் பாகங்களை முதலில் உலர்ந்தபடியே பொருத்திப் பார்த்து, சரியாக அமர்ந்த பின், தூரிகை நுனியை இணைப்பின் ஓரத்தில் தொட்டால் போதும். திரவம் இடுக்கின் வழியே தானே ஓடிப் பரவும். மேல்தளத்தில் வழியவிட்டால் அந்த இடம் கரைந்து தழும்பாகிவிடும்.

இவ்வாறு பொருத்திப் பார்க்கும்போதுதான் இந்தப் பெட்டியின் மேன்மை புலப்படுகிறது. உடலின் மேல்தட்டு கீழ்ப்பாகத்தின்மேல் அமர்ந்தால், இடைவெளி என்று சொல்ல ஒன்றும் இராது. சுழல் கோபுரத்தின் வளைந்த சுவர், முகப்புத் தகடுகள், பின்புறத்தில் தூசி நிறைந்த நிலங்களுக்கென்று வைத்த ஃபைஃபெல் காற்று வடிகட்டிகளும் அவற்றின் குழாய்களும் என்று எதை எடுத்தாலும், குறித்த இடத்தில் குறித்தபடி அமர்கிறது. பட்டி பார்க்கவேண்டிய தேவை அநேகமாக ஏற்படவில்லை. அசலில் 100 மில்லிமீட்டரான தகடு இங்கே மூன்று மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. பீரங்கியின் 88 மில்லிமீட்டர் வாய் இரண்டரை மில்லிமீட்டர். பீரங்கியோடு சேர்த்து எட்டரை மீட்டருக்குக் கொஞ்சம் குறைவான முழுநீளம் இங்கே 24 சென்டிமீட்டர். இந்தக் கணக்குகளைத் தெரிந்துகொண்டு அளந்து பார்க்கிறவனுக்கு, அச்சை வெட்டிய தொழிலாளியின் நேர்மையின்மேல் மரியாதை உண்டாகும். பீரங்கிக் குழல் முதலிய உருளைப் பாகங்களில் மட்டும், அச்சின் இரு பாதிகள் சந்தித்த இடத்தில் ஓடும் மெல்லிய தையல் கோட்டைச் சுரண்டித் தேய்ப்பது அவசியம். பார்ப்பவர் கண் முதலில் விழும் இடம் குழல்தான்.

சக்கரங்களைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும், ஏனெனில் டைகரின் தன்மை முழுதும் அங்கேதான் இருக்கிறது. 57 டன் பாரம் நிலத்தில் புதைந்துபோகாதிருக்க, அதைப் பல சக்கரங்களின்மேல் பங்கிட்டுப் பரப்பவேண்டியிருந்தது. பக்கத்துக்கு எட்டு அச்சுகள். ஒவ்வோர் அச்சும் உடலின் குறுக்கே ஓடும் ஒரு முறுக்குக் கம்பியால் தாங்கப்படுகிறது. அச்சு ஒன்றுக்கு ரப்பர் விளிம்புள்ள மூன்று சக்கரங்கள். அவை ஒன்றன் இடைவெளியில் மற்றொன்று புகுந்து, ஓர் அச்சின் சக்கரம் அடுத்த அச்சின் சக்கரங்களை மூடி நிற்கும். சவாரி மென்மையாக இருந்தது என்று ஓட்டியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அதற்குக் கொடுத்த விலையோ பெரிது: உள்ளே இருக்கும் ஒரு சக்கரம் கெட்டுவிட்டால், அதை மாற்றுவதற்கு வெளியே உள்ள பலவற்றைக் கழற்றவேண்டும், ருஷ்யக் குளிரில் இரவில் சக்கரங்களுக்கு இடையே தங்கிய சேறு உறைந்துபோய், காலையில் வண்டி நகராது. இவையெல்லாம் புத்தகத்தில் படித்தால் செய்தி. சக்கரங்களை வரிசைப்படி உள்ளிருந்து வெளியே அடுக்கிக்கொண்டு வரும்போது, உள்வரிசையில் ஒன்றை மறந்து வெளிவரிசையை ஒட்டிவிட்டால் திரும்ப எட்டமுடியாது என்பதைக் கை உணர்கிறது. அந்தப் பனியில் ஜாக்கியை முட்டுக்கொடுத்து நின்ற தொழிலாளியின் கஷ்டம் அப்போது விளங்குகிறது. மாதிரி செய்வதால் உண்டாகும் ஞானம் என்று ஒன்று இருக்குமானால், அது இந்த வகையைச் சேர்ந்தது.

இதே காரணத்தால், சக்கரங்களை ஒட்டுவதற்கு முன்பே அவற்றுக்கு வர்ணம் பூசிவிடவேண்டும். செய்முறைப் புத்தகம் இதை வலியுறுத்தாமல் விட்டது ஒரு குறையே. முதலில் எல்லாச் சக்கரங்களுக்கும் மஞ்சள் வர்ணத்தை அடித்து, பல அளவு வட்டத் துளைகள் உள்ள வரைபடத் தகட்டின் பொருத்தமான துளையில் சக்கரத்தின் நடுப்பகுதி மறையும்படி வைத்து, வெளியே நிற்கும் ரப்பர் விளிம்புக்குக் கருஞ்சாம்பல் தீட்டலாம். கை நடுக்கமில்லாதவர் நீர்த்த வர்ணத்தைத் தூரிகையால் விளிம்பில் தொட்டு ஓடவிடலாம். ரப்பருக்குச் சுத்தக் கறுப்பு வேண்டாம். தூசி படிந்த ரப்பர் ஒருபோதும் கறுப்பாக இராது.

இந்தப் பெட்டியின் தெளிவான பலவீனம் சங்கிலிப் பட்டை. அசலில் 725 மில்லிமீட்டர் அகலமுள்ள எஃகுக் கண்ணிகளால் ஆன பட்டை, தன் எடையாலேயே தொய்ந்து, மேற்புறத்தில் சக்கரங்களின் தலைமீது படிந்து கிடக்கும். முன்னே பல்சக்கரத்துக்கும் முதற் சக்கரத்துக்கும் இடையில் ஓர் அழகான வளைவு விழும். அந்தத் தொய்வுதான் பார்ப்பவருக்கு எடையை உணர்த்துவது. பெட்டியில் வருவதோ ரப்பர் போன்ற ஒரே துண்டுப் பட்டை; அதற்கு எடை இல்லாததால் விறைத்து நேராக நிற்கிறது, ஒரு கனரக யந்திரத்தின் கம்பீரம் அத்துடன் பறிபோகிறது. பட்டையின் மேற்புறத்தை ஒவ்வொரு சக்கரத்தின் தலையிலும் உடனடிப் பசையால் ஒட்டி, அது பிடிக்கும் வரை பஞ்சையோ மடித்த காகிதத்தையோ பட்டைக்கும் மேலே உள்ள தகட்டுக்கும் நடுவே செருகி அழுத்தி வைத்தால், குறை பெருமளவு தீர்ந்துவிடும். தனித்தனிக் கண்ணிகளாக வரும் பட்டைகளை வேறு நிறுவனங்கள் விற்கின்றன. அவை மிக அழகானவைதாம், ஆனால் கண்ணி கண்ணியாகச் சேர்க்கும் வேலை, முதல் டாங்கி செய்பவருக்கு உற்சாகத்தைக் கெடுக்கக்கூடியது. என்ஜினுக்கு மேலுள்ள காற்றுத் திறப்புகளை மூடும் கம்பி வலைக்குத் தமியாவே மெல்லிய உலோகத் தகடு ஒன்றைத் தனியாக விற்கிறது. ஏதேனும் ஒரு கூடுதல் செலவு செய்வதானால் அதற்குச் செய்யலாம்.

இனி வர்ணம். ஒட்டி முடித்த டாங்கி, எவ்வளவு துல்லியமாக இருந்தாலும், பிளாஸ்டிக் என்று ஒரே பார்வையில் தெரியும். அதை எஃகாக்குவது வர்ணமே. இந்த இடத்தில் பெட்டி நம்மைத் தனியே விட்டுவிடுகிறது. வர்ணப் புட்டிகளின் எண்களை மட்டும் சொல்லி அது நின்றுகொள்ளும். இங்கே துணையாக வருவது சரித்திரம்.

1943 பிப்ரவரி வரை ஜெர்மானிய டாங்கிகள் கருஞ்சாம்பல் நிறத்தில் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தன. அந்த மாதத்தில் பிறந்த உத்தரவு, அடிப்படை நிறத்தைக் கரும் மஞ்சளாக மாற்றியது. அதன்மேல் பூசிக்கொள்ளப் பச்சையும் செம்பழுப்பும் கெட்டிக் குழம்பாகத் தகர டப்பாக்களில் படைப்பிரிவுகளுக்கு அனுப்பப்பட்டன. அங்கிருந்த வீரர்கள் கிடைத்த திரவத்தில், தண்ணீரிலோ பெட்ரோலிலோ, அதைக் கரைத்துத் தெளித்துக்கொண்டார்கள். பெட்ரோலில் கரைத்தது அழுத்தமாகப் பிடித்தது. தண்ணீரில் கரைத்தது மழையில் வெளிறியது. ஒரு பிரிவில் பெரும் திட்டுகள், இன்னொன்றில் மெல்லிய கோடுகள், மற்றொன்றில் பச்சை மட்டும். இந்த ஒரு செய்தியை அறிந்தவுடன் வர்ண வேலை பற்றிய பயம் பாதி நீங்கிவிடுகிறது. மேலட்டையில் உள்ளபடியே ஒவ்வொரு திட்டும் இருக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஓரங்கள் மங்கலாகவும், செறிவு இடத்துக்கிடம் மாறியும் இருப்பதே உண்மைக்கு நெருக்கம். ஆனால் அடிமஞ்சள் மட்டும் எங்கும் திட்டில்லாமல் பரவியிருக்கவேண்டும், அது தொழிற்சாலையில் அடிக்கப்பட்டது.

முதலில் பிரைமர். சாம்பல் நிறப் பிரைமர் அடித்தால் கண்ணுக்குத் தப்பிய கீறல்களும் பசைத் தழும்புகளும் அப்போது வெளிப்படும். அவற்றைத் தேய்த்துச் சரிசெய்ய இதுவே கடைசிச் சந்தர்ப்பம். பின் தமியாவின் எக்ஸ்.எஃப்.60 என்னும் கரும் மஞ்சளை, அதே நிறுவனத்தின் எக்ஸ்.20ஏ தின்னரில் பால் பதத்துக்குக் கரைத்து, 0.3 மில்லிமீட்டர் முனையுள்ள ஏர்பிரஷால், அழுத்தத்தைக் குறைவாக வைத்து, பல மெல்லிய பூச்சுகளாக ஏற்றவேண்டும். புட்டியில் உள்ளபடி உபயோகித்தால் சிறு உருவத்தில் நிறம் இருண்டு தோன்றும் என்பது என் முடிந்த அபிப்பிராயம். காரணம் எளிது: 35 சென்டிமீட்டர் தூரத்தில் வைத்து மாதிரியைப் பார்ப்பது, அசலைப் பன்னிரண்டு மீட்டருக்கு அப்பால் நின்று பார்ப்பதற்குச் சமானம், அத்தனை தூரத்துக் காற்று எந்த நிறத்தையும் சற்று வெளுக்கச் செய்யும். ஆகவே சிறிது வெள்ளையைக் கலந்துகொள்வது நலம். மேலே வெயில் படும் தளங்களுக்கு இன்னும் கொஞ்சம் வெளிறிய கலவையை அடித்தால், சமதளமான தகடுகளுக்கும் உயிர் வரும். அதன்மேல் செம்பழுப்பு எக்ஸ்.எஃப்.64-ம் பச்சை எக்ஸ்.எஃப்.61-ம், முன்னைவிட நீர்க்கக் கரைத்து, முனையைத் தகட்டுக்கு அருகில் பிடித்து, திட்டுகளாக.

ஏர்பிரஷும் கம்ப்ரஸரும் இல்லாதவர் மனம் தளரவேண்டியதில்லை. டி.எஸ்.3 என்னும் கரும் மஞ்சள், தெளிப்பு டப்பாவாகவே கிடைக்கிறது. அடிநிறத்தை அதனால் அடித்துவிட்டு, திட்டுகளைத் தட்டைத் தூரிகையால் நீர்த்த பூச்சுகளாகத் தீட்டினால் போதும், போர்முனையில் வீரர்களும் சில சமயம் தூரிகையால்தான் பூசினார்கள். நம் கடற்கரை ஊர்களில் ஐப்பசி, கார்த்திகை மழை நாட்களில் டி.எஸ்.3 போன்ற லாக்கர் வகை வர்ணங்களைத் தெளிக்கக் கூடாது. காற்றின் ஈரம் பூச்சில் படிந்து வெண்மை படரும். வெயில் ஏறிய முற்பகலும், திறந்த ஜன்னலும், முகமூடியும் எப்போதும் வேண்டும்.

டெக்கால் ஒட்டுவதற்கு முன் அந்தந்த இடத்தில் பளபளப்பு வார்னிஷ் பூசவேண்டும். மங்கலான வர்ணத்தின் நுண்ணிய மேடுபள்ளங்களில் காற்று சிறைப்பட்டால், படலம் வெள்ளி நிறமாக மின்னி, ஒட்டியது ஒட்டியதாகவே தெரியும். பிறகு மங்கல் வார்னிஷை மொத்த வண்டிக்கும் அடித்துவிடலாம்.

அடுத்தது வாஷ் என்று இக்கலையில் வழங்கும் முறை. எண்ணெய் வர்ணத்தில் கரும்பழுப்பை டர்பன்டைனில் மிக நீர்க்கக் கரைத்து, தகடுகள் சேரும் இடுக்குகளிலும், போல்ட்டுகளின் அடியிலும், மூடிகளின் ஓரங்களிலும் தூரிகை நுனியால் தொடவேண்டும். நிழல் தானாக விழும். இதற்கென்று அயல்நாட்டுப் புட்டிகள் விலைக்கு வருகின்றன. ஓவியர்கள் வாங்கும் காம்லின் எண்ணெய் வர்ணக் குழாய் ஒன்றே அந்த வேலையைச் செய்துவிடுகிறது. அடியில் உள்ள அக்ரிலிக் வர்ணத்தை டர்பன்டைன் கரைக்காது. ஆனால் வர்ணம் பூசாத பிளாஸ்டிக்கின் இடுக்கில் தேங்கினால் பாகம் நொறுங்கும், ஆகையால் கொட்டி நனைக்கக் கூடாது. பெல்ஜியத்தின் பிரான்சுவா வெர்லின்டன் இந்த வாஷையும், உலர்ந்த தூரிகையால் மேடுகளை மட்டும் வெளிறத் தேய்க்கும் முறையையும் உலகெங்கும் பிரபலப்படுத்தினார். அமெரிக்காவின் ஷெப்பர்ட் பெய்ன், மானோகிராம் நிறுவனப் பெட்டிகளில் வைத்த செய்முறைத் தாள்களின் மூலம், டாங்கியை அது நின்ற மண்ணோடும் மனிதரோடும் சேர்த்துக் காட்டக் கற்பித்தார். இருவரில் பெய்னின் வழியே எனக்கு உவப்பானது. அவர் ஒவ்வொரு கறைக்கும் ஒரு காரணம் கேட்டவர்.

இக்காலத்து மாதிரிகளில் நான் காணும் பெருங்குற்றம் இந்தக் காரணமின்மைதான். டைகர் என்றால் உடலெங்கும் துருவும், ஓரமெல்லாம் பெயர்ந்த வர்ணமும் என்று ஒரு சம்பிரதாயம் ஏற்பட்டிருக்கிறது. ஆனால் 1943 கோடையில் குர்ஸ்கில் நின்ற வண்டி, தொழிற்சாலையைவிட்டு வந்து சில மாதங்களே ஆனது. கனத்த எஃகுத் தகடு அதற்குள் ஆரஞ்சு நிறமாகத் துருப்பிடிக்காது. துரு வேண்டிய இடம் ஒன்று உண்டு, பின்புறத்துப் புகைக் குழாய்கள். அவை காய்ந்து காய்ந்து வர்ணத்தை இழந்தவை. வர்ணம் பெயரவேண்டிய இடங்களும் உண்டு: குழுவினர் ஏறி இறங்கும் மூடிகளின் ஓரம், கால் வைக்கும் முன்தட்டு, கருவிகள் உராயும் இடம். அங்கேயும் பெயர்ந்தால் முதலில் தெரிவது தொழிற்சாலையில் அடித்த செந்நிறப் பிரைமர். வெறும் எஃகு அதற்கும் பின்புதான். சிறு கடற்பஞ்சுத் துண்டைக் கரும்பழுப்பில் தொட்டு, தாளில் ஒற்றிப் பெரும்பகுதியைப் போக்கிவிட்டு, அந்த ஓரங்களில் மட்டும் லேசாகத் தட்டினால் போதுமானது. சங்கிலிப் பட்டையில், தரையில் உராயும் முகடுகளும் பல்சக்கரம் கவ்வும் துளைகளின் விளிம்பும் மட்டும் உலோகமாக மின்னலாம். சக்கரங்கள் ரப்பர் விளிம்புள்ளவை ஆதலால், அவை ஓடும் உட்புறத்தை வெள்ளியாகத் தீட்டுவது பிழை. புழுதியோ எங்கும் இருக்கலாம், அது கோடைக்காலத்து உக்ரைன், ருஷ்ய மண். சக்கரங்களிலும் கீழ் உடலிலும் அடர்த்தியாகவும் மேலே போகப் போக மெல்லியதாகவும், ஓவியர் உபயோகிக்கும் பாஸ்டல் கட்டியைப் பொடித்துத் தூவினால் நன்றாகப் படிகிறது.

தளபதி உருவத்தைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. உடையின் மடிப்புகள் தெளிவாக இருக்கின்றன. முகம், இன்றைய நிறுவனங்கள் பிசினில் வார்த்து விற்கும் தலைகளோடு ஒப்பிட்டால் சாதாரணம். வைக்காமல் மூடியை அடைத்துவிட்டாலும் நஷ்டமில்லை.

முடிவாக, எவர் இதை வாங்கலாம், எவர் வாங்கவேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன். கோபுரத்தின் உட்புறம், என்ஜின், குண்டு அடுக்குகள், அசையும் சங்கிலிக் கண்ணிகள் எல்லாம் வேண்டுவோர், சீனத்து ரை ஃபீல்டு நிறுவனத்தின் டைகரை நாடவேண்டும். அதன் பாகங்களின் பெருக்கம் அனுபவம் முதிர்ந்த கைக்கே ஏற்றது. உட்புறத்தைக் குறைந்த செலவில் விரும்புவோருக்குக் கொரியாவின் அகாடெமி பெட்டி இருக்கிறது. வயது வந்தபின் முதன்முதலாக ஒரு டாங்கி செய்ய எண்ணுபவருக்கும், நெடுநாள் விட்டுவிட்டு மீண்டும் கத்தியும் பசையும் எடுப்பவருக்கும், வர்ணக்கலையைத் தீவிரமாகப் பயில விரும்புபவருக்கும் இந்தத் தமியா பெட்டியையே தயக்கமின்றிச் சிபாரிசு செய்கிறேன். ஒட்டும் வேலைக்கு முதல் தரம். சங்கிலிப் பட்டைக்கு நடுத்தரம். வாங்கும்போது மூன்று வர்ணப் புட்டிகளையும் தின்னரையும் மெல்லிய பசையையும் சேர்த்தே தருவித்துக்கொள்ளுங்கள். அவற்றுள் தீப்பற்றும் திரவங்கள் விமானத்தில் ஏற்கப்படுவதில்லை ஆகையால், தரைவழியாக வந்துசேரப் பெட்டியைவிடச் சில நாட்கள் கூடுதலாகப் பிடிக்கும்.